நடுவில் நின்ற போதகர்

ஞாயிறு, இரவு

தூக்கம் வரவில்லை. நான் வடிவமைத்த டிஃபரென்ஷியல் ப்ரீஆம்ப் இன்று காலை ஆராதனையில் என் மானத்தை வாங்கிவிட்டது.

தத்துவம் எளிது. பிரசங்க பீடத்தில் இரண்டு மைக். இரண்டிலும் ஒரே அளவில் விழும் சத்தத்தைச் சர்க்யூட் கழித்துவிடும். ஃபேன் இரைச்சலும் பாறசாலை ரோட்டு லாரியும் அப்படியே ஒழியும். ஒரு மைக்கை ஒட்டிப் பேசுகிறவர் குரல் மட்டும் பெரிதாகும். இன்று சரியாக அமைந்தால் கோயிலின் சவுண்ட் வேலை முழுவதும் எனக்கு. இல்லையென்றால் போட்டிக்கு நிற்கும் நெய்யாற்றின்கரைக்காரனுக்கு என்று பேச்சு.

வலது மைக்கில் பேசச் சொல்லியிருந்தேன். போதகர் மிகச் சரியாக நடுவில் நின்றார். அவர் குரல் காணாமல் போனது. இடது மைக் ஓரம் நின்ற, கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை முணுமுணுத்ததோ கோயில் முழுக்கக் கேட்டது: "இந்த மனுஷன் எப்பம் முடிப்பாரோ, வயிறு காயுது."

ஆராதனை முடிந்ததும் போதகர் காரணம் கேட்டார். பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். "நடுவுல நிண்ணா, மெஷினுக்கு நீங்களும் ஃபேனும் ஒண்ணுதான்" என்றேன்.

கமிட்டிச் செயலாளர் மாமா குறுக்கே வந்தார். "எலே, பொதுவா உள்ளத தள்ளிட்டு வித்தியாசத்த மட்டும் பெருசாக்கும்ணா சொல்லுத? அதுக்கு மெஷின் எதுக்கு மக்கா? நம்ம கமிட்டி உண்டுல்லா!"

போதகர் சிரித்துவிட்டார். இன்னொரு ஞாயிறு தருவதாகச் சொன்னார். ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கவும் சம்மதித்தார்.

எந்தப் பக்கம் என்பதைக் கமிட்டி கூடித் தீர்மானிக்குமாம். வேலை நெய்யாற்றின்கரைக்காரனுக்குத்தான்.