அப்பாவைத் திருப்பி அனுப்பு

ஜமுனாமரத்தூர்,
தை மாதம், சனிக்கிழமை.

தம்பி வெற்றிவேலுக்கு,

அக்கா இளவரசி எழுதுவது. நாங்கள் நலம். நீயும் சரிதாவும் நலமா என்று கேட்க வேண்டிய முறைக்குக் கேட்டுவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் இதை எழுதி, கனடாவுக்குத் திரும்பும் உன் சிநேகிதன் ராஜேஷ் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒரு வரி விடாமல் படி.

பொங்கலன்று வீடியோவில் பேசும்போது, ஜன்னலுக்கு வெளியே பனியைக் காட்டுகிறேன் என்று அப்பா போனைத் திருப்பினார். கை தவறி விழுந்த போனில் அவருடைய கால் தெரிந்தது. கட்டுப் போட்ட கால். அப்புறம்தான் சரிதா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கார்த்திகையிலிருந்து அவர் முகத்தை மட்டுமே காட்டிக் காட்டி என்னை ஏமாற்றியிருக்கிறாய்.

தீபத்தன்று இங்கே பொழுது சாயும்போது உங்களுக்கு இன்னும் விடியவில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றியதைப் போனில் பார்த்ததும் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அகலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கிறார். நம் ஊரில் எப்படிப் போவாரோ அப்படியே, வேட்டியோடு, வெறுங்காலோடு. காற்றில் திரி அணைய அணையத் திரும்பத் திரும்ப ஏற்றியிருக்கிறார். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. எதிர்வீட்டு அம்மாள் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும்வரை அந்தப் பனியிலேயே நின்றிருக்கிறார். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அகலைக் கட்டிக் கொடுத்தது அக்காதானே என்றாயாம். ஆமாம், நான்தான். கார்த்திகைக்கு அவர் இருட்டிலா உட்கார்ந்திருப்பார்? அந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியது யார்? ஏன்ப்பா செருப்புப் போடாமல் போனீர்கள் என்று கேட்டேன். "வெளக்கு வைக்கசொல்ல எவனாவது செருப்பு போட்டுக்கினு வைப்பானாம்மா" என்றார்.

போன சித்திரையில் கடலைக் கொல்லையில் அவர் மயங்கி விழுந்தது உண்மை. நம் ஊர் கலசப்பாக்கத்து வெயில் இனி மனிதர் தாங்குகிற வெயில் இல்லை என்பதும் உண்மை. அப்போதே சொன்னேனே, மலைமேல் என்னிடம் அனுப்பு, இங்கே சித்திரையிலும் விடியற்காலையில் போர்வை தேடும் என்று. நீ என்ன சொன்னாய்? "மக வூட்ல அப்பா குந்தினு சாப்ட்டா ஊர் இன்னாக்கா பேசும்?" பஸ் ஏறினால் வந்துவிடும் குளிர்ச்சியை விட்டுவிட்டு, உலகத்தின் அந்தக் கோடிக்கு அவரைக் கொண்டுபோனாய். இப்போது ஊர் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷமா?

"இங்கயும் ஜனங்க வாழறாங்கக்கா" என்கிறாய். நன்றாக வாழட்டும். அவர்கள் நடக்கப் பழகும்போதே பூட்ஸ் போட்டவர்கள். அந்தக் குளிருக்கென்றே வீடு கட்டியவர்கள். நம் அப்பா சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே எழுபது வயதைத் தாண்டியவர். நீ சின்ன வயதில் போனாய், பிழைத்துக்கொண்டாய். அந்த உடம்பை மூட்டையைப் போலத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் ஒத்துக்கொள்ளுமா?

உன் மானத்துக்கும் ஒரு வழி செய்துவிட்டேன். எங்கள் பக்கத்து வீட்டை அப்பா பேரிலேயே வாடகைக்குப் பேசியாயிற்று. மகள் வீட்டில் இருக்க மாட்டார், தன் வீட்டில் இருப்பார். வெயில் காலம் முழுக்க இங்கே. மழை விழுந்ததும் கீழே கொல்லைக்குப் போகட்டும். உன் மாமா வெந்நீர் அடுப்புக்கு விறகுகூட அடுக்கிவிட்டார். சோறு மட்டும் என் அடுப்பிலிருந்து போகும். அதை நீ ஊருக்குச் சொல்லாதே.

காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு நாளும் அங்கே வைத்திருக்காதே. அடுத்த கார்த்திகைக்கு அவர் தன் வாசலில் வெறுங்காலோடு நின்று விளக்கு வைக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே. உன்னைத் திட்டியிருக்கிறேன் என்று தெரிந்தால், உனக்குப் பரிந்துகொண்டு அங்கேயே இருந்துவிடுவார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. அதனால் வழக்கமாக எழுதும் ஆசீர்வாதத்தை இந்தத் தடவை எழுதவில்லை. வெற்றி, வீட்டை விட்டு வெளியே கால் வைக்கும்போதெல்லாம் சாவி பையில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள். சரிதாவையும் பார்த்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா
இளவரசி