விளம்பர இடைவேளையில் சொன்ன கதை

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை கொஞ்சம் தயங்குகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். நான் கூப்பிட்டு நீ போனை எடுத்து ஏழு மாதம் ஆகிறது, கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது, மெஷினை முன் அறைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தபடி பட்டன் தைக்கிறேன். பாட்டுப் போட்டி ஒன்று வருகிறது, பாடுகிற பிள்ளையைவிட நடுவர்கள்தான் அதிகம் அழுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. செய்தி விவாதத்தை அப்பா விடாமல் பார்க்கிறார், கண்ணாடிக்காரன் சொல்வது சரி, மீசைக்காரன் புளுகுகிறான் என்று எனக்கே சொல்வார், எனக்கோ அந்தக் கூச்சலில் ஒரு வார்த்தை புரியாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் காது கேட்காது சின்னு. மர மில்லில் முப்பது வருடம் ரம்பத்தின் பக்கத்திலேயே நின்றதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒன்றரை வருடமாகச் சுத்தமாக இல்லை. நரம்பே போய்விட்டது, கருவி வைத்தாலும் வெறும் இரைச்சல்தான் என்றார் காது டாக்டர். தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். யார் எது சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிச் சமாளிப்பார், பால்காரர் விலை ஏற்றியதற்கும் அதே சரி சரிதான்.

இப்போது உனக்குப் புரியும். உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுப் போய்விட்டார் என்று சொல்ல நீ கூப்பிட்ட அன்று நான் தைத்த துணியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். போனில் உன் பெயர் வந்ததைப் பார்த்து ஆசையாக எடுத்தவர், நீ வழக்கம்போல நலம் விசாரிக்கிறாய் என்று நினைத்து, சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லி வைத்துவிட்டார். நீ அழுதது அவருக்குத் தெரியாது. அப்பாவே அப்படிச் சொன்ன பிறகு இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று நீ எனக்கு அனுப்பிய செய்தியைப் படித்து, வாக்கை மீறவும் முடியாமல், அவரிடம் நடந்ததைச் சொல்லவும் மனசு வராமல் ஊமையாக இருந்தேன். அது என் தப்பு, அப்பா தப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் உனக்கு போன் போட்டு, நீ எடுக்காவிட்டாலும் பேசுகிற மாதிரி நின்றுவிட்டு, சின்னு உங்களைக் கேட்டாள், குளிர் அதிகமாம் என்று அவரிடம் கதை கட்டினேன்.

எட்டு மணி சீரியல் கதையையும் விளம்பர இடைவேளையில் அவர் முன்னால் நின்று, சோகமான இடங்களை மாற்றிக் கத்திச் சொல்வேன், மாடி வீட்டு டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, நீங்க பார்க்கிறது வேற சீரியலா என்று கிண்டல் செய்வார். போன புதன்கிழமை அதில் மகள் அப்பாவுக்கு போன் செய்து, இனிமேல் என்னைத் தேடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்கிறாள் என்று மாற்றிச் சொன்னேன். அப்பா டிவியைக் கையால் காட்டினார். "அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லலையே, தேடாதீங்கன்னுதானே சொன்னா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரம்பம் ஓடும்போது மில்லில் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது, உதட்டைப் பார்த்தேதான் முப்பது வருடம் வேலை நடந்தது, இதை நான் யோசிக்கவே இல்லை. நான் கத்துவதால் அவருக்குக் கேட்கிறது என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். "ஞாயித்துக்கிழமை போனை வச்சுக்கிட்டு, எடும்மா, ஒரு தடவை எடும்மான்னு நீ சொல்றதும் தெரியும். பாவம், நீயாவது நான் நம்புறேன்னு நினைச்சுக்கோன்னு விட்டுட்டேன். அன்னைக்கு அவ என்னதான் சொன்னா?" என்று கேட்டார்.

சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு, "அதுக்கா நான் சரின்னு சொன்னேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை அவரிடமே படிக்கக் கொடுத்தேன், அனுப்பு என்று அவரே உறையை எடுத்துக் கொடுத்தார்.

நீ அழுதுகொண்டே தூங்காதே, இரும்பு மாத்திரையை நிறுத்தாதே. எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து நன்றாக இருப்பாய், இது இரண்டு பேரின் ஆசீர்வாதம். நம்மிடம் இருப்பது பழைய பட்டன் போன், டீச்சரிடம் முகம் பார்த்துப் பேசுகிற போன் இருக்கிறது, அவர் நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், அப்பா இன்றைக்கே முகச்சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறக்காமல் வெளிச்சத்தில் உட்கார், கையால் வாயை மூடிக்கொள்ளாதே. அன்று சொன்னதை முதலிலிருந்து மெதுவாகச் சொல். அப்பாவுக்குக் கேட்கும்.

உன் முகத்துக்காகக் காத்திருக்கும்,
அம்மா