அம்மாவின் தொழில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் சாரம் பகுதியில் என் மசாஜ் நிலையத்தைத் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. லைசென்ஸுக்காக ஆய்வுக்கு வந்த அதிகாரி, "மசாஜ்னா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். அதான் முறையா படிச்சிட்டு வந்திருக்கேன்," என்று சான்றிதழை நீட்டினேன். மறுவாரமே லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

எதிர்வீட்டு தனக்கொடி அக்கா முதலில் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன மாதம் அவரே வந்து, "ரெண்டு வருஷமா கையத் தூக்க முடியல, கொஞ்சம் பாரும்மா," என்றார். இன்று காலை மாடிக் கொடியில் புடவை காயப்போட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பே போதும்.

உன் விடுதி விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் 'தையல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். கோபமில்லை. பொங்கலுக்கு உன் தோழிகளையும் அழைத்து வா. நானே என் தொழிலைச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா