முந்நூற்றுப் பதினேழு பூச்சியங்கள்

2025 பெப்ரவரி 3, திங்கள்

கொழும்பில் மூன்று நாள் பயிற்சி முடிந்து இன்று அலுவலகம் போனேன். பயிற்சியில் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் எஸ்.டி.எம்.எக்ஸ்.

எனக்கே மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன். மாவட்டத்தின் அபிவிருத்திக் குறிகாட்டிகள் (மலசலகூடம், குடிதண்ணீர், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், இப்படி) பதினொரு வருடமாக எங்கள் எக்செல் கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றை எந்த நாட்டுக் கணினியும் வாசிக்கக்கூடிய எஸ்.டி.எம்.எக்ஸ் என்ற ஒரே அமைப்புக்கு மாற்ற வேண்டும். அதில் ஓர் எண் தனியாக வரக்கூடாது. எந்த ஊர், எந்த வருடம், என்ன அலகு, எண்ணின் நிலை என்ன என்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், கலியாணம் பேச வருகிற மாதிரி.

மார்ச் 28க்குள் ஏற்ற வேண்டும். பணிப்பாளர் சுலோஜனா மிஸ் கூட்டத்தில், "அதுக்கு நளீர் இருக்கிறார்தானே" என்றார். இருக்கிறேன்.

பெப்ரவரி 6

இன்று திறந்த கோப்பின் பெயர்: தண்ணீர்_புதியது_இறுதி_உண்மையான இறுதி. அதற்குப் பிறகும் இரண்டு இருக்கின்றன.

பெப்ரவரி 11, செவ்வாய்

எண்ணின் நிலைக்கு ஓர் எழுத்து. சாதாரண எண் என்றால் ஏ. எண் இல்லாவிட்டால் அதற்கும் எழுத்து உண்டு, ஒன்றல்ல, பல. ஓ என்றால் விபரம் இல்லை, காரணம் கேட்காதே. எம் என்றால் அப்படியொரு விபரம் இருக்கவே முடியாது. எல் என்றால் விபரம் இருக்கிறது, ஆனால் யாரும் போய் எடுக்கவில்லை. இந்த எழுத்துகளை உண்டாக்கியவர்கள் வேலை இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

எங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் தரவில் வெற்றுக் கட்டமே இல்லை. நூற்றுக்கு நூறு பூர்த்தி என்று 2020இல் தந்த சான்றிதழ் என் கதிரைக்கு மேலே சட்டத்தில் தொங்குகிறது. கட்டம் வெறுமையாக இருந்தால் சிவப்பாகும், கோப்பு சேமிக்கப்படாது என்ற ஏற்பாட்டைச் செய்தது நான்தான். அன்று கைதட்டினார்கள்.

பெப்ரவரி 17, திங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம். அனுப்பியவர் சீனித்தம்பி, முள்ளிமுனை மீனவர் சங்கத் தலைவர். கதிரவெளிக்கும் அப்பால், நாற்பது வீட்டுக் குடியிருப்பு. கையெழுத்து அழகாக இருக்கிறது.

"எமது ஊரில் குடிதண்ணீர் இல்லாத வீடுகள் பூச்சியம் என்று உங்கள் திணைக்களப் பதிவில் காணப்படுகிறது. எண்ணியவர் யார், எண்ணிய திகதி எது என அறியத்தரவும்."

மிஸ் கடிதத்தின் மூலையில் "நளீர், பதில்" என்று எழுதி அனுப்பினார். பதிவைத் திறந்து பார்த்தேன். திகதி 2019 டிசம்பர் 21. எண்ணியவர்: எம்.ஏ. நளீர்.

பெப்ரவரி 18

நேற்று மீதியை எழுத மனம் வரவில்லை.

அந்த 21ஆம் திகதி மழை எண்டா மழை. கதிரவெளிக்கு அங்கால பாதையில இடுப்பளவு தண்ணி. உழவு இயந்திரக்காரனும் மாட்டேன் எண்டுட்டான். நான் என்ன செய்ய, நீந்தவா? — கடையில் இரண்டு பிளேன்டீ குடித்தேன், திரும்பி வந்தேன். பின்னேரம் கோப்பில் ஒரே ஒரு கட்டம் சிவப்பு. சேமிக்க விடவில்லை. பூச்சியம் போட்டேன். பச்சையானது. வெள்ளம் வடிந்ததும் போய்த் திருத்துவோம் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளம் வடிந்து ஐந்து வருடம். பூச்சியம் அப்படியே இருக்கிறது.

றிஸ்லாவிடம் சொன்னேன். என் மனைவி கணிதம் படிப்பிக்கிறவள். மீன் கழுவிக்கொண்டே, "போகாத ஊர எப்பிடி எண்ணின நீங்க?" என்றாள். அடுத்த மீனை எடுத்தாள்.

பெப்ரவரி 20

நான் ஒருவன்தானா என்று பார்த்தேன். ஒரு ஆறுதலுக்குத்தான்.

ஒரு வருடம் முப்பது, அடுத்த வருடம் பூச்சியம், அதற்கடுத்த வருடம் இருபத்தெட்டு. இப்படி நடுவில் மட்டும் எல்லோருக்கும் தண்ணீர் கிடைத்த ஊர்கள், ஒரு வருடம் மட்டும் மலசலகூடம் குறைவில்லாத ஊர்கள். எண்ணி முடித்தபோது முந்நூற்றுப் பதினேழு. வேறொரு பிரிவில் வேலை செய்யும் நஸ்ஹாவுக்குப் போன் எடுத்தேன். பாவம், மறைக்கவே இல்லை. "சேர், வெறுமனே விட்டா சேவ் ஆகாதே. நீங்கதானே அப்பிடிச் செஞ்ச. நாங்க எல்லாரும் பூச்சியம்தான் போடுற."

ஆறுதல் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 24, திங்கள்

மிஸ்ஸிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பூச்சியமும் ஒரு எண்தானே நளீர். கணினி ஏத்துக்கொள்ளுதா இல்லையா?"

"ஏத்துக்கொள்ளுது மிஸ்."

"பிறகென்ன?"

பிறகென்ன என்றால் இதுதான்: புதிய குடிதண்ணீர்த் திட்டத்துக்கு ஊர்களைத் தெரிவுசெய்வது நாங்கள் மார்ச் 28ஆம் திகதி ஏற்றப்போகும் இந்தக் கோப்பிலிருந்து. மனிதர் யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாத வீடு அதிகமுள்ள ஊர் மேலே, பூச்சியம் அடியில். முள்ளிமுனைக்கு அடுத்த வாய்ப்பு இன்னும் ஐந்து வருடத்துக்குப் பிறகு. சொன்னேன். மிஸ் சான்றிதழைப் பற்றிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன்.

மார்ச் 2

நோன்பு தொடங்கியது. இனிப் பிளேன்டீ குடித்துக்கொண்டு யோசிக்கவும் முடியாது.

மார்ச் 5

சீனித்தம்பிக்குப் போன் எடுத்து, அந்தப் பூச்சியத்தைப் போட்டவன் நான்தான் என்றேன்.

"ஏசத்தான் இருந்தன் தம்பி. நீங்களே எடுத்துச் சொன்னா என்னத்த ஏசுற? சனிக்கிழமை வாங்க. இந்தமுற பாதையில தண்ணி இல்ல. கிணத்துலயும் இல்ல."

மார்ச் 8, சனி

சொந்த மோட்டார் சைக்கிள், சொந்தப் பெற்றோல். சீனித்தம்பி சந்தியில் நின்றார். நான் நினைத்ததைவிடக் கட்டையான ஆள்.

நாற்பது வீடும் ஏறி இறங்கினேன். கேள்வி ஒன்றுதான்: குடிக்கத்தக்க தண்ணீர் வீட்டிலிருந்து இருநூறு மீற்றருக்குள் இருக்கிறதா? கிணறுகள் உண்டு, எல்லாம் உப்பு. தண்ணீர்ப் பவுசர் லொறி வந்தால் வரும். பகல் ஒரு மணிக்கு என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஆனால் அங்கே அதைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

கடைசி வீடு இரத்தினம்மா அக்காவுடையது. தனியாகக் கருவாடு போட்டு வாழ்கிறவர். கேள்வியைக் கேட்டேன். "எனக்குத் தண்ணிக்குக் குறையில்ல தம்பி" என்றார். உள்ளே போய் ஒரு பெரிய சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். "நோம்பு துறக்க வழியில வேணும். கொண்டு போங்க."

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் நோன்பு துறக்கும் பாங்கு நேரம். றிஸ்லா கட்டித் தந்த ஈத்தம்பழத்தோடு அந்தத் தண்ணீரைக் குடித்தேன். நல்ல தண்ணீர். உப்பே இல்லை. ஒரு வீடாவது தப்பியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

முள்ளிமுனை: 39. நிலை: ஏ.

மார்ச் 10

சீனித்தம்பிக்கு எழுத்தில் பதில்: "குறித்த திகதியில் எவரும் எண்ணவில்லை." முத்திரை குத்தி அனுப்பினேன்.

மார்ச் 26, புதன்

மீதி முந்நூற்றுப் பதினாறுக்கும் எல் போட்டேன். விபரம் இருக்கிறது, யாரும் போய் எடுக்கவில்லை. இந்த எழுத்துகளை உண்டாக்கியவர்களை வேலை இல்லாதவர்கள் என்று எழுதியது நான்தான், வாபஸ் வாங்குகிறேன்.

மிஸ்ஸின் கையொப்பம் வேண்டும். பட்டியலை எண்ணியவர் பெயர்வாரியாக அச்சிட்டு வைத்தேன். அதில் பதினொரு பூச்சியங்களுக்கு எண்ணியவர் சுலோஜனா, பணிப்பாளர் ஆவதற்கு முந்திய காலம். மிஸ் இரண்டாம் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "பூர்த்தி எத்தனை வீதம் வரும்?" என்றார். எண்பத்தொன்று என்றேன். கையொப்பமிட்டார்.

மார்ச் 28

ஏற்றியாயிற்று. பிழை எதுவும் இல்லை என்று கணினி சொல்கிறது. அது முன்பும் அப்படித்தான் சொன்னது.

மே 19, திங்கள்

திட்டத்துக்கான பட்டியல் வந்தது. முள்ளிமுனை நான்காவது. அதே தபாலில் இன்னொரு கடிதம்: பூர்த்தியில் எங்கள் மாவட்டம் கடைசி, விளக்கம் தரவும். சான்றிதழைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

மே 20

சீனித்தம்பி போன் எடுத்தார். நன்றி சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, முப்பத்தொன்பது எண்டு போட்டிருக்கு. நாங்க நாப்பது வீடெல்லோ. குழாயும் முப்பத்தொன்பதுதானாம். அந்த ஒண்டு ஆர்?"

இரத்தினம்மா அக்கா என்றேன். குறையில்லை என்று அவரே சொன்னார், குடித்தும் பார்த்தேன் என்றேன்.

"அது பள்ளிக்கூடத்துத் தாங்கித் தண்ணி தம்பி. மூணு கிலோமீற்றர். நோம்புக்காரர் வாறார் எண்டு நான் சொல்லப்போய், விடியச் சைக்கிளில போய் எடுத்து வந்தவ. வீட்டுக்கு வந்த ஆளிட்ட தண்ணி இல்லையெண்டு சொல்லுவாவா?"

இந்தமுறை நேரில் போய், நேரில் கேட்டு, வாயில் வைத்துப் பார்த்து, பிழையாக எழுதியிருக்கிறேன்.

பதிவைத் திறந்தேன். முள்ளிமுனை: 40. நிலை: ஏ. சேமிக்கப் போனால், திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டம் சிவப்பாகியது, அதை வெறுமையாக விட முடியாதாம்.

எழுதினேன்: "நாற்பதாவது வீட்டில் இருந்த தண்ணீரை எண்ண வந்தவர் குடித்துவிட்டார்."

பச்சையானது.