பத்து நிமிஷத்தில் வரக்கூடிய ஆள்

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். பத்தாவது 'பி' கணக்கு நோட்டு 41 திருத்தணும். தொடலை.

சாயந்திரம் ஆறு மணிக்கு ஆன்லைன் கவுன்சலிங், முதல் தடவை. தைராய்டு நார்மல், ரத்தம் நார்மல், இது டிப்ரஷன், யார்கிட்டயாவது பேசுங்கன்னு டாக்டர் தள்ளிவிட்ட கேஸ் நான். கோயம்புத்தூர்ல உட்கார்ந்துக்கினு ஒரு பொண்ணு. காவ்யா. என்கிட்ட படிச்ச பிள்ளைங்க வயசுதான் இருக்கும். பின்னாடி ஒரு செடி. பிளாஸ்டிக்.

முதல் நாள் 'எதிர்பார்ப்பு' பத்திப் பேசணுமாம். சொன்னது:
– மந்திரம் கிடையாது. பல வாரம் ஆகும்.
– ஆரம்பத்துல இன்னும் மோசமாக்கூடத் தோணலாம். (பிரமாதம்.)
– அறிவுரை சொல்ல மாட்டா. (அப்புறம் எதுக்கு?)
– நடுவுல மெசேஜ் போட்டா உடனே பதில் வராது.

ஆக, ஒண்ணும் எதிர்பார்க்காதீங்கன்னு சொல்ல முக்கால் மணி நேரம். அந்த நேரத்துல நான் ஒரு பாடமே முடிச்சிருப்பேன்.

அது என்ன சத்தம்னு கேட்டா. பக்கத்து வீட்டுத் தறி. ம்யூட் பண்ண முடியுமான்னா. தெருவையே ம்யூட் பண்ணணும்டி அம்மா.

வாழவே வேணாம்னு தோணுதான்னு நேரா கேட்டா. இல்லைன்னேன். பொய்.

கடைசியா ஒரு ஃபாரம். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு ஆள், பத்து நிமிஷத்துல வீட்டுக்கு வரக்கூடியவங்க. சென்னையில இருக்கிற தம்பி பொங்கலுக்கே வர்றதில்லை. என்னோட இன்னொரு நம்பரைப் போட்டு 'கமலா, அக்கா'ன்னு எழுதிட்டேன். எனக்கு அக்காவே கிடையாது.

ஜூலை 9, புதன்

ஃப்ரீ பீரியடு. பைக்குள்ள இரண்டாவது போன் அடிச்சது. "கமலாங்களா?" காவ்யா. நான் ஹலோன்னதுமே குரலைக் கண்டுபிடிச்சிட்டா.

அப்புறம், கோபமே இல்லாம: "நான் நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கேங்க. உங்க கதவைத் தட்ட எனக்குக் கை எட்டாது. ஒரு நிஜமான ஆள் வேணும். அவங்களுக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கணும்."

பரீட்சையில பிட்டு அடிச்சு மாட்டின மாதிரி ஆச்சு. இருபது வருஷமா பிட்டு பிடிக்கிறவ நான்.

ஜூலை 10, வியாழன்

ஆள் தேடல்.

எதிர்வீட்டம்மா: சொன்னா சாயந்திரத்துக்குள்ள தெருக்கோடி வரைக்கும் தெரிஞ்சுடும்.

ஹெச்.எம்: லீவு கேட்கிறேன்னு நினைப்பார்.

எஸ்தர்: பி.டி. டீச்சர், வீடு இங்க பக்கத்துலயே ஓரிக்கையில. சாப்பிடும்போதும் கழுத்துல விசில் தொங்கும். கேட்காமலே என் டப்பாவுல கை விடுவா. ஸ்டாஃப் ரூம்ல எட்டு வருஷமா பக்கத்து நாற்காலி. வீட்டுக்கு வான்னு நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. பேரை அடிச்சிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அடிச்ச பேர்தான். வேற பேர் இல்லை. நாற்பத்தி நாலு வயசுல என் லட்சணம் இது.

லஞ்சுல கிரவுண்டு ஓரமா நின்னு எஸ்தர்கிட்ட ஒரே மூச்சுல சொன்னேன். டிப்ரஷன், கவுன்சலிங், ஃபாரம். அழுவா, கட்டிப்பிடிப்பா, அங்கயே ஜெபம் பண்ணுவான்னு பயந்துக்கினு இருந்தேன். வாயில இருந்த தயிர்சாதத்தை முழுங்கிட்டுச் சொன்னா:

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஜெபக்கூட்டம், போனு சைலன்ட்ல இருக்கும். அன்னிக்கு மட்டும் எங்க வீட்டுக்காரர் நம்பரைக் கூப்பிடச் சொல்லுங்க டீச்சர்."

அவ்வளவுதான். எந்தத் தெருன்னு கேட்டா. அப்புறம் ஊறுகாய் இருக்குதான்னு கேட்டா.

என்ன ஜென்மமோ.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். ரெண்டு நாளா ஊற வெச்ச துணி நாறுது.

பன்னெண்டு மணிக்கு வாசல்ல ஸ்கூட்டர். எஸ்தர். சர்ச்சுக்குக் கட்டின புடவை, தலையில ஹெல்மெட். வீடு கிடக்கிற கிடையில எப்படி உள்ள கூப்பிடுறது. கதவைப் பாதி திறந்து பிடிச்சுக்கினு நின்னேன். அவ உள்ள எட்டிக்கூடப் பார்க்கலை. கையில இருக்கிறதைப் பார்த்துக்கினு இருந்தா. ஸ்போர்ட்ஸ் டே ஸ்டாப்வாட்ச்.

"எங்க வீட்டுலருந்து எட்டு நிமிஷம் இருவது செகண்டு. சாமி புறப்பாடு இருந்தா சுத்திக்கினு வரணும். அதையும் பார்த்துட்டு வரேன்."

திரும்பப் போயிட்டா. கிறுக்கு. வாசல்லயே உட்கார்ந்து அழுதேன், தெரு பார்க்கப் பார்க்க.

சுத்தி வந்தா பதிமூணு நிமிஷம்.

ஜூலை 15, செவ்வாய்

மேகம். நோட்டு ஆறு திருத்தினேன்.

ஃபாரம் அனுப்பியாச்சு. 'உறவு'ன்னு ஒரு கட்டம். பக்கத்து நாற்காலின்னு எழுதினேன். சிரிச்சா சிரிக்கட்டும்.

மணி அஞ்சு ஐம்பத்தஞ்சு. தறி ஓடுது. பிளாஸ்டிக் செடி ஸ்க்ரீன்ல வந்ததும் முதல்ல, போன வாரம் இல்லைன்னு சொன்னேனே, அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுன்னு சொல்லணும்.