பந்து அவள் கையில் இருந்தபோது

அன்புள்ள பெரியாயிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் மருமகள் வாசித்துக் காட்டும் இந்தக் கடிதம் முழுவதும் நானே எழுதியது. இங்கே பிள்ளைகளுக்கு மிஸ் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பழகினேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் எழுத எழுதச் சந்தோஷமாக இருக்கிறது.

நான் காவல் பார்க்கும் இந்தப் பதுளை சிறுவர் நிலையத்தில், படிக்கச் சிரமப்படுகிற, கோபம் வந்தால் அடிக்கிற பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைக்கிறார்கள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். போன வாரம் தனுஷிகா என்ற பிள்ளை முதல் தடவையாகப் பந்தை எறியாமல் மடியில் வைத்திருந்தாள். எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள். தேத்தண்ணீர் கொண்டுபோன எனக்குத்தான் பொறுக்கவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது ஒருவர் வாய் திறக்காவிட்டால் பக்கத்தில் நிற்கிற நாம் குரல் கொடுப்போமே, அந்தப் பழக்கத்தில், "தனுஷிகாங்க, நல்ல புள்ளைங்க" என்று அவளுக்காக நானே சொல்லிவிட்டேன்.

பிள்ளை பந்தை வைத்துவிட்டு மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள்.

"அவள் இப்பதான் சொல்ல வெளிக்கிட்டவள், ஐயா," என்றார் சத்தியபாமா மிஸ். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். இந்தச் சனிக்கிழமை பிள்ளை வரவில்லை. நீ கவலைப்படாதே, என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்சம் வெற்றிலை கொடுத்தனுப்பு. அவள் திரும்பி வந்தால், வாய் நிறையப் போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறேன்.

கேட்டில் ஹோர்ன் அடிக்கிறார்கள், போக வேண்டும். ஞாயிறு போனில் என் சத்தம் கேட்காவிட்டால் லைன் போய்விட்டதென்று வைத்துவிடாதே. இத்தனை காலமும் உன் பதிலையும் நானேதான் சொல்லிவந்தேன். இந்த முறை நீ சொல்லும்வரை காத்திருப்பேன்.

உன்
முருகையா