தாழ்ந்த குரல்

ஷர்மினியின் அம்மாவுக்கு,

ஆயர் தாவாரில் உன் அண்ணன் வீட்டில் சுகமா? மகள்தான் என்னை ஈப்போவில் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"மில்லு சங்கு கேக்குது, லாரி ஹாரன் கேக்குது. எனக்கு ஒண்ணும் இல்லலா டாக்டர்," என்றேன்.

உட்காதில் நுண்ணிய மயிர் செல்கள் நீண்டு சுருங்கி, மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தருமாம். நான் வேலை செய்த செம்பனை எண்ணெய் ஆலையின் இரைச்சலில் என்னுடையவை செத்துவிட்டன. இனி முளைக்காதாம்.

கோபம் வந்தால் நீ குரலைத் தாழ்த்துவாய். பேசாமல் முறைக்கிறாய் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

காதில் மிஷின் மாட்டியிருக்கிறேன். குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது. கேட்க வேண்டிய குரல்தான் வீட்டில் இல்லை.

அன்று பையோடு வாசலில் நின்றபோது உன் உதடு அசைந்தது. முணுமுணுக்கிறாய் என்று விட்டுவிட்டேன்.

என்ன கேட்டாய்? எழுத வேண்டாம். வந்து, அதே குரலில் கேள்.

உன் வீட்டுக்காரன்